பெஞ்சுக்கு அடியில் இருந்த சிலந்தி எது?

போன ஆண்டு ஒரு சனிக்கிழமை எங்கள் பள்ளியில் கோத்தோங் ரோயோங். கேண்டீனுக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டு பெஞ்சுகளைக் கழுவும் வேலை இரண்டாம் படிவ மாணவர்களுக்கு. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரே கூச்சல். "டீச்சர், பிளாக் விடோ! பிளாக் விடோ!"

போய்க் குனிந்து பார்த்தேன். பெஞ்சின் அடிப்பக்க மூலையில், தாறுமாறான ஒட்டடைக்கு நடுவே, பழுப்பு நிறத்தில் உருண்டை வயிறுடன் ஒரு சிலந்தி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "சும்மா வீட்டுச் சிலந்திதான்மா. துடைப்பத்தால் தட்டிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிட்டேன்.

நல்லவேளையாக அந்த மாணவி தட்டிவிடவில்லை. "டீச்சர், பக்கத்தில் ஒன்று தொங்குகிறதே, குட்டி ரம்புத்தான் மாதிரி, அது என்ன?" என்று கேட்டாள். பட்டாணி அளவில், வெளிர் மஞ்சள் நிறத்தில், உடம்பெல்லாம் முள்முள்ளாக ஒரு பட்டுப்பை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வியர்த்தது. பெருநாள் பலகாரம் வைக்கும் சிவப்பு மூடி போத்தல் ஒன்றைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, சிலந்தியையும் பையையும் பிடித்து அறிவியல் கூடத்துக்குக் கொண்டுபோனோம்.

அவள் சொன்னது பாதி சரி. நான் சொன்னது முழுத் தவறு. அது எப்படித் தெரிந்தது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். இரண்டாம் படிவ அறிவியல் முதல் பாடத்தில் 'கெகுன்சி டிகோதோமி' படித்திருப்பீர்கள். தமிழில் இருகிளைத் திறவுகோல் எனலாம். ஒரு கேள்வி, இரண்டு பதில், ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வழி. தேர்வில் மீனுக்கும் தவளைக்கும் அதை வரைந்துவிட்டு மறந்துவிடுகிறோம். அந்தச் சனிக்கிழமை எங்களுக்கு அது நிஜமாகவே தேவைப்பட்டது.

முதல் கேள்வி: பின்னங்காலில் சீப்பு இருக்கிறதா?

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-க்கும் மேல். இவற்றில் ஒழுங்கில்லாமல் எல்லாப் பக்கமும் நூல் இழுத்து வலை பின்னும் ஒட்டடைச் சிலந்திகளுக்குத் தனிக் குடும்பம் உண்டு. அதன் பெயர் தெரிடிடே. சுவீடன் நாட்டு விலங்கியல் அறிஞர் சண்டெவால் 1833-இல் இந்தக் குடும்பத்தை வகுத்தார். இன்று இதில் 2,500-க்கும் மேற்பட்ட இனங்கள், 120-க்கும் மேற்பட்ட பேரினங்கள் இருக்கின்றன.

ஆனால் தாறுமாறான வலை என்ற ஒரே அடையாளத்தை நம்ப முடியாது. உங்கள் வீட்டுக் குளியலறை மூலையில் குச்சிக் கால்களோடு, தொட்டால் ஊஞ்சல்போல் ஆடுமே, அந்த நீளக்கால் சிலந்தியும் தாறுமாறான வலைதான் கட்டும். அது வேறு குடும்பம். ஆகவே உடம்பைப் பார்க்க வேண்டும்.

தெரிடிடே குடும்பத்தின் அடையாளம் நான்காவது ஜோடிக் காலின் கடைசிக் கணுவில் இருக்கிறது. அங்கே ரம்பப் பற்கள் கொண்ட வளைந்த முட்கள் ஒரே வரிசையில், சீப்புபோல அமைந்திருக்கும். ஆங்கிலத்தில் இவற்றுக்குச் 'சீப்புக்கால் சிலந்திகள்' என்று பொருள்படும் பெயரே உண்டு. இந்தச் சீப்பு எதற்கு? வலையின் அடியில் தரையைத் தொட்டபடி செங்குத்தாகச் சில நூல்கள் இருக்கும். அவற்றின் கீழ் நுனியில் பசைத்துளிகள். ஓர் எறும்பு அதில் மோதினால் நூல் தரையிலிருந்து அறுபடும். இழுவிசையில் இருந்த நூல் சுருங்க, எறும்பு அந்தரத்தில் தூக்கப்படும். சிலந்தி ஓடி வந்து, பின்னங்கால் சீப்பால் தன் நூற்பான்களிலிருந்து பசைப்பட்டை வாரி இழுத்து இரையின்மேல் வீசும். கடிப்பது அதற்குப் பிறகுதான்.

சில இனங்களில் சீப்பு மங்கலாக இருக்கும். எங்கள் சிலந்தியில் தெளிவாக இருந்தது. ஒரு நாள் உறைபெட்டியில் வைத்து, பிறகு 70 விழுக்காடு எத்தனாலில் போட்டு, நுண்ணோக்கியில் 40 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தோம். உயிருள்ள சிலந்தியின் காலைப் பிடித்துப் பார்க்கும் வேலை வேண்டாம், சொல்லிவிட்டேன்.

இதுவரை என் பக்கமும் பிழையில்லை. ஏனென்றால் நான் மனத்தில் நினைத்திருந்த வீட்டுச் சிலந்தியும் தெரிடிடேதான். அதன் பெயர் நெஸ்டிகோடஸ் ரூஃபிபெஸ். செம்பழுப்புக் கால்கள், குண்டு வயிறு, நம் நாட்டு வீடுகளில் அலமாரிக்குப் பின்னாலும் படிக்கட்டுக்கு அடியிலும் நிறைய இருக்கும். எறும்பும் கொசுவும் தின்று நமக்கு நன்மை செய்யும் சாது.

இரண்டாவது கேள்வி: கொலுலஸ் இருக்கிறதா?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு. வேலை எதுவும் செய்யாத உறுப்பு என்பதால் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிலந்தியின் வயிற்று முனையில் நூற்பான்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். முன் ஜோடி நூற்பான்களுக்கு நடுவே சில சிலந்திகளுக்குச் சின்னதாக ஒரு சதை முளை இருக்கும். அதில் சில மயிர்கள். அதன் பெயர் கொலுலஸ். சிலந்திகளின் மூதாதைகளுக்கு அந்த இடத்தில் மிக மெல்லிய நூலைச் சுரக்கும் சல்லடைபோன்ற தகடு இருந்தது. அதன் எச்சம்தான் இந்த முளை. நமக்கு வால் எலும்பு இருப்பதுபோல.

வேலையில்லாத உறுப்பை வைத்து வகைப்படுத்துவது வேடிக்கையாகத் தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். வேலை செய்யும் உறுப்பு வாழும் இடத்துக்கும் உணவுக்கும் ஏற்ப மாறிவிடும். தொடர்பே இல்லாத இரு விலங்குகளுக்கு ஒரே வேலை இருந்தால் ஒரே மாதிரி உறுப்பு வந்துவிடலாம். சுறாவுக்கும் டால்பினுக்கும் துடுப்பு இருப்பதுபோல. வேலையில்லாத முளைக்கு அப்படி மாற வேண்டிய நெருக்கடி குறைவு. குடும்ப வரலாற்றை அது நமக்காகப் பாதுகாத்து வைத்திருக்கும்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் லெவியும் அவர் மனைவி லோர்னா லெவியும் 1962-இல் தெரிடிடே பேரினங்கள் முழுவதையும் ஒழுங்குபடுத்தி ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் கொலுலஸுக்கு முக்கிய இடம். பெரிய கொலுலஸ் உள்ளவை, கொலுலஸ் இருந்த இடத்தில் இரண்டு மயிர்கள் மட்டும் உள்ளவை, எதுவுமே இல்லாதவை என்று பேரினங்களைப் பிரித்தார்கள். 2004-இல் இங்கி அக்னர்சன் என்ற ஆய்வாளர் 200-க்கும் மேற்பட்ட உடல், நடத்தைப் பண்புகளை ஒப்பிட்டு இந்தக் குடும்பத்தின் மரத்தை மீண்டும் வரைந்தார். அந்த மரத்தில் ஒரு பெரிய கிளைக்கே 'கொலுலஸ் இழந்த கிளை' என்று பெயர்.

நான் நினைத்த வீட்டுச் சிலந்தி அந்த இழந்த கிளையைச் சேர்ந்தது. அதற்குக் கொலுலஸ் கிடையாது. எங்கள் போத்தல் சிலந்திக்கோ, நூற்பான்களுக்கு நடுவில், மயிரோடு, நன்றாகவே தெரிந்தது. ஊசி முனையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சதை முளை நான் சொன்னது தவறென்று காட்டிவிட்டது. மாணவர்கள் முன்னால்தான்.

மூன்றாவது கேள்வி: ஓரக் கண்கள் ஒட்டியிருக்கின்றனவா?

பெரிய கொலுலஸ் இருந்தால் உடனே விடோ சிலந்தி என்று முடிவு கட்டிவிட முடியாது. ஸ்டியாடோடா என்ற பேரினத்துக்கும் பெரிய கொலுலஸ் உண்டு. இந்த இரண்டும் நெருங்கிய உறவினர்கள். ஒரே உருண்டை வயிறு, ஒரே பளபளப்பு. ஸ்டியாடோடாவைப் 'போலி விடோ' என்று அழைக்கிறார்கள். 2013 அக்டோபரில் இங்கிலாந்தில் ஒரு பள்ளியையே போலி விடோ பயத்தில் மூடிவிட்டு மருந்தடித்தார்கள். இத்தனைக்கும் ஸ்டியாடோடா நோபிலிஸ் என்ற அந்தச் சிலந்தி 1870-களிலிருந்தே இங்கிலாந்தில் இருக்கிறது.

இரண்டையும் பிரிப்பது கண்கள். தலைமார்பின் முன்பக்கம் எட்டுக் கண்கள், மேலே நான்கு, கீழே நான்கு என்று இரண்டு வரிசையில் இருக்கும். ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் உள்ள கண்ணைக் கவனியுங்கள். ஸ்டியாடோடாவில் மேல் ஓரக் கண்ணும் கீழ் ஓரக் கண்ணும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டடைச் சிலந்திகள் பெரும்பாலானவற்றில் இப்படித்தான். விடோ சிலந்திகளில் மட்டும் அவை நன்றாக விலகி நிற்கும்.

எங்கள் சிலந்தியின் ஓரக் கண்கள் விலகி நின்றன. வயிற்றின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் உடுக்கை வடிவக் குறியும் இருந்தது. பேரினம் உறுதியானது: லாட்ரோடெக்டஸ். பிரெஞ்சு அறிஞர் வால்க்கனேர் 1805-இல் வைத்த பெயர். 'விடோ', அதாவது கணவனை இழந்தவள் என்ற பட்டப்பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. எனக்கு அந்தப் பட்டப்பெயரில் உடன்பாடில்லை. பெண் சிலந்தி எப்போதும் ஆணைத் தின்றுவிடும் என்பது பல இனங்களுக்குப் பொருந்தாது. ஆனால் ஊரெல்லாம் அப்படி அழைக்கும்போது நான் மட்டும் என்ன செய்ய?

கொசுவத்திச் சுருளும் ஒரு பெரிய குழப்பமும்

பேரினம் தெரிந்துவிட்டது. இனம்? இங்கேதான் அறிஞர்களே தடுமாறினார்கள்.

சிலந்தி இனங்களைப் பிரிக்க ஆய்வாளர்கள் வழக்கமாக நம்புவது இனப்பெருக்க உறுப்புகளை. ஆண் சிலந்தியின் முகத்துக்கு அருகே இரண்டு உணர்கைகள் இருக்கும். வயதுக்கு வந்த ஆணுக்கு அவற்றின் நுனி குத்துச்சண்டைக் கையுறைபோல் வீங்கியிருக்கும். லாட்ரோடெக்டஸ் ஆணில் அதற்குள் எம்போலஸ் என்ற நீண்ட மெல்லிய குழாய் கொசுவத்திச் சுருள்போலச் சுருண்டு கிடக்கும். பெண்ணின் வயிற்றுக்குள் விந்து சேமிக்கும் இரண்டு பைகள் உண்டு. ஒவ்வொன்றும் உடற்பயிற்சி டம்பெல் வடிவம். அவற்றுக்குப் போகும் குழாயும் சுருண்டிருக்கும். சேரும்போது எம்போலஸின் நுனி உள்ளேயே உடைந்து தங்கிவிடுவதும் உண்டு. பூட்டும் சாவியும் மாதிரி ஓர் இனத்தின் உறுப்பு இன்னோர் இனத்துக்குப் பொருந்தாது என்ற எண்ணத்தில், சுருள்களை எண்ணி இனங்களைப் பிரித்துவிடலாம் என்று கருதினார்கள்.

ஹெர்பர்ட் லெவி 1959-இல் இந்தப் பேரினத்தை எடுத்துக்கொண்டார். அதுவரை ஆளாளுக்கு நிறத்தையும் புள்ளியையும் பார்த்துப் பெயர் வைத்திருந்தார்கள். லெவி நிறத்தை ஒதுக்கிவைத்து உறுப்புகளைப் பார்த்தார். பல நாட்டுச் சிலந்திகளின் சுருள்களும் டம்பெல்களும் ஒன்றுபோலவே தெரிந்தன. ஆகவே உலகம் முழுவதற்கும் 6 இனங்கள் போதும் என்று சுருக்கிவிட்டார். 1775-இல் ஃபப்ரிசியஸ் பெயரிட்ட அமெரிக்கக் கறுப்பு விடோவான லாட்ரோடெக்டஸ் மேக்டன்ஸ் என்ற பெயருக்குள் ஆஸ்திரேலியாவின் ரெட்பேக் சிலந்திகூட அடங்கிப்போனது.

இது ஏதோ பட்டியல் தகராறு என்று நினைக்காதீர்கள். ஒரு மருத்துவர் 'மேக்டன்ஸ் கடித்த நோயாளி' என்று எழுதினால், அது ஃபுளோரிடாவில் கடித்ததா, சிட்னியில் கடித்ததா, எந்த விஷத்தின் விளைவு அது என்பது பெயரை வைத்துத் தெரியாது. பெயர் கலங்கினால் அந்தப் பெயரில் சேர்த்த தகவல் எல்லாம் கலங்கிவிடும்.

லெவியிடம் நான் மதிப்பது அவருடைய அடுத்த செயலை. 1964-இல் மெக்ரோன் என்பவரோடு சேர்ந்து, வட அமெரிக்கச் சிலந்திகள் சிலவற்றை மீண்டும் தனித்தனி இனங்களாகப் பிரித்தார். 1970-இல் கேஸ்டன் என்ற ஆய்வாளர் அமெரிக்க விடோக்களின் வாழ்க்கை முறையையும் ஒப்பிட்டு அந்தப் பிரிவினையை மேலும் உறுதியாக்கினார். 1983-இல் லெவி மறுபடியும் எழுதினார். இனப்பெருக்க உறுப்புகளும் நிறமும் விடோ சிலந்திகளைப் பிரிக்க எவ்வளவு பயன்படும் என்பதே அந்தக் கட்டுரையின் தலைப்பு. தான் நம்பிய அளவுகோலையே திரும்பவும் அளந்து பார்த்திருக்கிறார். இன்று லாட்ரோடெக்டஸில் 30-க்கும் மேற்பட்ட இனங்கள் ஏற்கப்பட்டுள்ளன.

அப்படியானால் நிறத்தை நம்பலாமா? அதுவும் முடியாது. நியூசிலாந்துக் கடற்கரை மணல்மேடுகளில் காட்டிப்போ என்ற விடோ சிலந்தி வாழ்கிறது. மாவோரி மொழிப் பெயர். தெற்கே இருப்பவற்றுக்கு முதுகில் சிவப்புக் கோடு. வடக்கே இருப்பவை முழுக் கறுப்பு. 1890-இலிருந்து கறுப்புக் காட்டிப்போ தனி இனம் என்றே பதிவாகியிருந்தது. 2008-இல் உடலமைப்பையும் டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே இனம் என்று தெரிந்தது. காட்டிப்போ அருகிவரும் சிலந்தி. 2010-இல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஓர் இனத்தைக் காப்பதா, இரண்டு இனங்களைக் காப்பதா என்பதை முடிவு செய்ய, முதலில் அவை எத்தனை என்று யாராவது எண்ணிச் சொல்ல வேண்டும் அல்லவா?

ரம்புத்தான் பைக்குத் திரும்புவோம்

எங்கள் சிலந்தியின் இனத்தைச் சொல்ல அதன் முட்டைப்பையே பெரிய உதவி செய்தது. பெரும்பாலான விடோக்களின் முட்டைப்பை வழவழப்பாக இருக்கும். பட்டுமுட்கள் துருத்திய பை லாட்ரோடெக்டஸ் ஜியோமெட்ரிகஸ் என்ற பழுப்பு விடோவின் தனி அடையாளம். 1841-இல் கோக் என்ற ஜெர்மானியர் பெயரிட்ட இனம். கால்களில் கறுப்புப் பட்டைகள், வயிற்றின் மேல் கட்டம் கட்டமான கோலம், அடியில் சிவப்பைவிட ஆரஞ்சு தூக்கலான உடுக்கை. ஆனால் வெளிர் பழுப்பிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்புவரை இதன் நிறமும் மாறும்.

2004-இல் கார்ப், கொன்சாலஸ், கில்லெஸ்பி ஆகிய மூவர் இந்தப் பேரினத்தின் டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். பேரினம் இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஒரு கிளையில் பழுப்பு விடோவும் தென் ஆப்பிரிக்கப் பகுதியில் வாழும் அதன் நெருங்கிய சொந்தமும். மற்றவை எல்லாம் இன்னொரு கிளையில். பழுப்பு விடோவின் பூர்வீகம் ஆப்பிரிக்காவாக இருக்கலாம் என்பதற்கு இது ஒரு துப்பு. அங்கிருந்து சரக்குகளோடும் வாகனங்களோடும் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் இது காணப்பட்டதைப் பற்றிய முதல் அறிவியல் அறிக்கை 2015-இல் வெளிவந்தது. பூந்தொட்டி விளிம்பு, பிளாஸ்டிக் நாற்காலியின் அடி, கைவிட்ட மோட்டார் சைக்கிள், பெஞ்சு மூலை, இவைதான் இதற்குப் பிடித்த இடங்கள்.

கடித்தால் என்ன ஆகும்? விடோக்களின் விஷத்தில் ஆல்ஃபா லாட்ரோடாக்சின் என்ற புரதம் இருக்கிறது. அது நரம்பு முனைகளிலிருந்து செய்தி கடத்தும் வேதிப்பொருள்களை ஒரேயடியாகக் கொட்டச் செய்யும். அதனால்தான் கறுப்பு விடோ, ரெட்பேக் கடிகளில் கடும் வலி, தசைப்பிடிப்பு, வியர்வை. உயிரிழப்பு மிக அரிது. பழுப்பு விடோ கடித்தால் பெரும்பாலும் கடித்த இடத்தில் வலியோடு நின்றுவிடும். அது கூச்ச சுபாவி, தொட்டால் கால்களை மடக்கிக் கீழே விழுந்து செத்ததுபோல் கிடக்கும். ஆனாலும் கடிபட்டால் கழுவி, பனிக்கட்டி ஒற்றி, கிளினிக்குக்குப் போக வேண்டும். முடிந்தால் சிலந்தியின் படத்தோடு.

இந்த இடத்தில் பேரினத்தின் அருமை தெரியும். ஆஸ்திரேலியாவில் 1956-இல் ரெட்பேக் கடிக்காக ஒரு விஷமுறி மருந்து வந்தது. பேரினத்துக்குள் விஷப் புரதங்கள் நெருங்கிய ஒற்றுமை உடையவை என்பதால் மற்ற விடோக்களின் விஷத்தையும் அது எதிர்க்கிறது. மருத்துவருக்கு அவசரத்தில் முதலில் வேண்டியது 'இது லாட்ரோடெக்டஸா, இல்லையா' என்ற பதில்.

நீங்களும் தேடிப் பார்க்க விரும்பினால், டார்ச் விளக்கும் கைப்பேசியும் போதும். பெஞ்சுக்கு அடியில் கைவிட்டுத் தடவாதீர்கள். முதலில் குனிந்து பாருங்கள். முட்டைப்பை இருக்கிறதா, அது வழவழப்பா, முள்ளா என்று பாருங்கள். வயிற்றின் அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். தலைகீழாகத் தொங்குவதால் அதுவே உங்களுக்குக் காட்டும். முள்முள் பையைப் பார்த்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஆசிரியர் "சும்மா வீட்டுச் சிலந்திதான்" என்று சொன்னால் இன்னொரு முறை கேளுங்கள்.

அந்த மாணவி இப்போது மூன்றாம் படிவம். எங்கள் அறிவியல் கூட அலமாரியில் அவள் கையெழுத்தில் ஒட்டிய இரண்டு போத்தல்கள் இருக்கின்றன. முதலாவதில் அந்தப் பெண் சிலந்தியும் ரம்புத்தான் பையும்: 'லாட்ரோடெக்டஸ் ஜியோமெட்ரிகஸ், பெண், சிமெண்டு பெஞ்சு' என்று பெயர், தேதி, இடம். இரண்டாவது, அதே வாரம் வேலி ஓரத்தில் கிடைத்த மிகச் சிறிய சிலந்தி. கண்கள் விலகியிருந்தன, கொலுலஸ் இருந்தது. உணர்கை இன்னும் வீங்கவில்லை, பருவமடையாத குஞ்சு. பக்கத்தில் முட்டைப்பையும் இல்லை. "இதுவும் பழுப்புதானே டீச்சர்?" என்றாள். இருக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'லாட்ரோடெக்டஸ்' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு ஒட்டினாள்.